இட்டேரியில விசிலடிக்கிற ஆறுமணிக்குருவி

கடலை பிடுங்கற வேலை, கொடி காயப் போடற வேலைன்னு மூணு வாரமா இந்தப் பக்கமே வர முடியல. நேத்து நல்ல மழை. இன்னிக்குக் காட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. அதனால உக்காந்து எழுதறேன். இந்தத் தடவை பால் விலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் இல்லீங்க. ஒரு குருவியப் பத்தி.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, புரட்டாசி கடைசி. ராத்திரி பூரா தூறல். வெடியால நாலரை மணிக்குப் பால் கறக்கலாம்னு கட்டுத்தரைக்குப் போனேன். அப்பத்தான் புதுசா ஒரு பெரிய எல்இடி லைட்டு போட்டிருந்தேன், ராத்திரி பூரா எரியும். அந்த வெளிச்சத்துக்குக் கீழ, தீவனத் தொட்டி ஓரத்துல ஏதோ பச்சையா கெடந்துச்சு. அரளி இலையோன்னு நெனச்சேன். கிட்டப் போனா கண்ண முழிச்சுப் பாக்குது. குருவி!

கையில எடுத்தேன். பறக்கல, கொத்தல. நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சுக்குது. தகரத்துல மோதி விழுந்திருக்கும் போல. மைனாவ விடச் சின்னது, வாலு இருக்குதா இல்லையான்னு கேக்கற மாதிரி கட்டையா இருந்துச்சு. நான் அம்பத்தஞ்சு வருஷமா இதே காட்டுல கெடக்கறவன். காடை, கௌதாரி, கரிச்சான், செம்போத்து, தவிட்டுக்குருவி, பனங்காடை எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடுவேன். இத நான் பாத்ததே இல்லீங்க.

முதுகு நாத்தங்கால் பச்சை. ரெக்கை தோள்பட்டைல பளபளன்னு ஒரு நீலம். அதே நீலம் வாலுக்கு மேலயும் கொஞ்சம். கழுத்துக்கு முன்னால சுண்ணாம்பு வெள்ளை. நெஞ்சு, வயிறு எல்லாம் சந்தனம் அரைச்ச நிறம். வயித்துக்குக் கீழ, வால் அடி வரைக்கும், குங்குமத்துல முக்கி எடுத்த மாதிரி செவப்பு. தலையில பழுப்பு மஞ்சள், நடுவுல கருப்பா ஒரு வகிடு. கண்ணுல இருந்து பின்கழுத்து வரைக்கும் பட்டையா கண்மை இழுத்து விட்டிருக்குது. ஒரு கை அடங்கற உருவத்துல இத்தனையும்.

நான் என்ன நெனச்சேன்னா, நீலம் இருக்குது, வாலு கட்டை, அப்ப மீன்கொத்திக் குஞ்சுதான். வாய்க்கால்ல இருந்து வழி தப்பி வந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரியக் கூப்பிட்டு, "கருவாடு ஒண்ணு கொண்டா"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "ஏனுங்க, மழையில நனைஞ்சு வந்தவனுக்கு மொதல்ல தண்ணி குடுப்பாங்களா, கருவாடு குடுப்பாங்களா?"ன்னு கேட்டுட்டு, பஞ்சை நனைச்சு மூக்குல சொட்டு விட்டா. குருவி தலைய உதறுச்சு. அதுவும் தப்புன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. மயக்கத்துல இருக்கற பறவைக்கு வாயில தண்ணி ஊத்துனா மூச்சுக்குழாயில போயி செத்துப் போயிருமாம். நல்ல காலம், எங்க கையில அது பொழைச்சுக்குச்சு.

கோழி கவுக்கற கூடையில போட்டு, மேல ஒரு பழைய வேட்டியப் போத்தி வெச்சேன். ஏழு மணிக்கு என்ற தம்பி பையன் பால் வாங்க வந்தான். பத்தாவது படிக்கிறான். போன் இல்லாம அவன் எங்கயும் போக மாட்டான். வேட்டியத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தான். மெர்லின்னு ஒரு செயலி இருக்குதுங்க, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகத்துக்காரங்க இலவசமா விட்டிருக்கறது. அதுல போட்டோவப் போட்டான். ஒரு நிமிஷங்கூட ஆகல.

"பெரியப்பா, இது மீன்கொத்தி இல்ல. இண்டியன் பிட்டா. தமிழ்ல ஆறுமணிக்குருவின்னு சொல்லுவாங்களாம்."

மீன்கொத்திக்கும் இதுக்கும் வித்தியாசத்த அவந்தான் காட்டுனான். மீன்கொத்திக்கு மூக்கு கத்தி மாதிரி நீளம், காலு இத்துனூண்டு, நடக்கவே ஆகாது. இதுக்கு மூக்கு கட்டையா, தடிமனா இருக்குது. காலு ரோஸ் நிறத்துல, நீளமா, கெட்டியா இருக்குது. தரையில நடந்து பொழைக்கிற சாதிக்குத்தான் அப்பிடிக் காலு இருக்கும். கோழி வளக்கிற நான் அந்தக் காலப் பாத்தே கண்டுபிடிச்சிருக்கோணும். நிறத்தப் பாத்து ஏமாந்துட்டேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லறேன். புதுசா ஒரு பறவையப் பாத்தா நிறத்த அப்புறம் பாருங்க. மொதல்ல மூக்கையும் காலையும் பாருங்க. அது என்ன தின்னும், எங்க திரியும்னு அந்த ரெண்டும் சொல்லிரும்.

பிட்டாங்கற பேரும் வெள்ளைக்காரன் பேரு இல்லீங்க. தெலுங்குல பிட்டான்னா குருவி. அதையே எடுத்து உலகத்துக்கே பேரா வெச்சுட்டாங்க. வடக்க இத நவரங்னு சொல்லறாங்க, ஒம்போது நிறம்னு அர்த்தம். நம்ம பக்கம் தோட்டக்கள்ளன்னும் ஒரு பேரு இருக்குதாம். நான் எண்ணிப் பாத்தேன். ஏழு வரைக்கும் தெளிவா வந்துச்சு. பச்சைய ரெண்டாப் பிரிச்சா எட்டு வரும். ஒம்போதாவது எங்கன்னு இன்னும் தெரியல.

அவன் அதோட விடல. "சத்தமும் இருக்குது பெரியப்பா"ன்னு போன்ல ஒரு இடத்தத் தொட்டான்.

ரெண்டே சீட்டி. மொத சீட்டி மேல ஏறுது, ரெண்டாவது கீழ எறங்குது. "வ்வீட்... ட்யூ." பஸ் கண்டக்டர் ரெண்டு தடவை விசிலடிக்கிற மாதிரி, ஆனா அத விட மெதுவா, சுத்தமா.

எனக்குக் கை அப்பிடியே நின்னு போச்சுங்க. அந்தச் சத்தம் எனக்குப் பொறந்ததுல இருந்து தெரியும். எங்கய்யன் கையில கடிகாரம் கட்டுனதே இல்ல. பகல்ல நெழலப் பாப்பாரு. பொழுதோட இட்டேரிப் பக்கம் அந்தச் சீட்டி கேட்டா, "ஆறு மணிக்காரன் ஊதிட்டான், மடையக் கட்டு"ம்பாரு. நான் மம்பட்டியக் கழுவி எடுத்துட்டு வருவேன். ஐப்பசியில இருந்து பங்குனி, சித்திரை வரைக்கும் அந்த விசில்தான் எங்க தோட்டத்துச் சங்கு. ஆனா அத ஊதறது யாருன்னு நான் ஒரு நாளும் போய்ப் பாக்கல. மில்லு பக்கம் யாரோ பையன் ஊதறான்னு சின்ன வயசுல நெனச்சேன். அப்புறம் நெனைக்கிறதையே விட்டுட்டேன். அய்யன் போயி பதினாலு வருஷம் ஆச்சு. மோட்டார் வந்துச்சு, டைமர் வந்துச்சு, போன் வந்துச்சு. விசில் காதுலயே விழாமப் போச்சு. குருவி வராம இல்ல. நாந்தான் கேக்காம இருந்திருக்கறேன்.

போனை எடுத்துட்டு ஆத்தாகிட்டப் போனேன். எம்பத்திரண்டு வயசு, காது பாதிதான் கேக்கும். காதுக்குப் பக்கத்துல வெச்சு சத்தமா விட்டேன். ஆத்தா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இது ஊதுனா அடுப்பப் பத்த வைக்கோணும். உங்கய்யன் வந்துருவாரு, சுடுதண்ணி கேப்பாரு"ன்னு சொல்லிச்சு. "இன்னொருக்கா வெய்யி"ன்னுச்சு. நாலு தடவை வெச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலம் கூடைய இட்டேரிக்குக் கொண்டு போயி, கிளுவை மரத்தடியில வெச்சு வேட்டிய எடுத்தேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துச்சு. அப்புறம் பறந்து போகல, தத்தித் தத்தி நடந்து வேலிக்குள்ள போயிருச்சு.

டவுன்ல இருக்கறவங்களுக்கு இட்டேரின்னா என்னன்னு சொல்லோணும். ரெண்டு தோட்டத்துக்கு நடுவுல வண்டி, மாடு போக விட்ட தடம். ரெண்டு பக்கமும் உயிர்வேலி. கிளுவை, திருகுகள்ளி, சூரிமுள், சங்கஞ்செடி, நொச்சி, ஆவாரை, அது மேல பிரண்டை, கோவைக்கொடி, முடக்கத்தான்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும். நடுவுல நடுவுல ஒரு வேம்பு, ஒரு வெள்வேல். யாரும் நட்டு வளத்தது இல்ல, கிளுவைக் குச்சிய மட்டும் அந்தக் காலத்துல ஊனி விட்டாங்க. மத்தது எல்லாம் குருவி எச்சத்துல மொளைச்சது. காங்கேயம் பக்கம் எங்க பாத்தாலும் முந்தி இட்டேரிதான். இப்ப பாதிக்கு மேல கம்பி வேலி, கல்லுக்கால் ஆயிருச்சு.

எங்க இட்டேரி எனக்கும் தம்பிக்கும் பொது. நீளம் அறநூறு அடி, வேலியோட சேத்து அகலம் பதினாறு அடி. வாய்க்கால்ல இருந்து ஆரம்பிச்சு ரோடு வரைக்கும்.

அந்த வருஷம் பூரா நான் அங்க போயி உக்காந்தேன். நாப்பது நாளாவது இருக்கும். ஒரு பழைய பெயிண்ட் வாளியக் கவுத்துப் போட்டு, வேம்புல சாஞ்சு உக்காந்துக்குவேன். மொத ஒரு வாரம் ஒண்ணுமே கண்ணுல படல. விசில் கேக்கும், எந்திரிச்சுப் போனா இருக்காது. அப்புறந்தான் புரிஞ்சுச்சு. இந்தக் குருவியத் தேடிப் போகக் கூடாது. அசையாம இருந்தா அது நம்ம பக்கம் வரும். மொதல்ல கேக்கறது சருகு பெரளற சத்தம். சரக், சரக், நிப்பாட்டும். மறுபடி சரக். காஞ்ச இலைய மூக்குல கவ்வி ஓரமாத் தூக்கி வீசும். அடியில இருக்கற கரையான், புழு, மண்புழு, வண்டு எல்லாம் அதுக்குச் சாப்பாடு. ரெண்டு தத்து, ஒரு நிப்பு. நிக்கறப்ப அந்தக் கட்டை வால மெதுவா மேலயும் கீழயும் ஆட்டும். பொம்மைக்குச் சாவி குடுத்த மாதிரி இருக்கும்.

இத்தனை நிறத்த வெச்சுக்கிட்டு இது எப்பிடி ஒளிஞ்சு பொழைக்குதுன்னு எனக்கு ஆச்சரியம். அங்க உக்காந்து பாத்தாத்தான் தெரியும். நெழல்ல முதுகு பச்சை எலையோட எலையாப் போயிருது, நெஞ்சு சருகோட சருகா. செவப்பு வயித்துக்கு அடியில இருக்குது, நின்னா தெரியாது. பறந்தா மட்டும் ரெக்கையில வட்டமா ஒரு வெள்ளை பளிச்சுனு தெரியும், அடுத்த நிமிஷம் காணாமப் போயிரும். ஆணும் பொண்ணும் ஒரே மாதிரி இருக்குமாம், நம்மளால பிரிச்சுச் சொல்ல முடியாது.

விசிலடிக்கறப்ப மட்டும் தரையில நிக்காது. தாழ்வா ஒரு கெளையில ஏறி, தலையப் பின்னால சாச்சு, மூக்க வானத்துக்குத் தூக்கி ஊதும். அந்த நேரத்துல தொண்டை வெள்ளை நல்லாத் தெரியும். இது ஊதுனா வாய்க்கால் பக்கம் இன்னொண்ணு பதில் ஊதும். இது என்ற எடம், அது உன்ற எடம்னு எல்லை பேசிக்குதுங்க. குளிர் காலத்துக்கு வந்து தங்கற எடத்துலயும் ஒவ்வொண்ணும் தனித்தனியா எல்லை வெச்சுக்குமாம். பங்காளிச் சண்டை நமக்கு மட்டுமா?

ஆறு மணின்னு பேரு வெச்சிருக்கறாங்களே, நெசந்தானான்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சேன். கார்த்திகையில சாயங்காலம் ஆறுக்கு அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன. மாசியில ஆறரைய நெருங்கிருச்சு. வெடியால கார்த்திகையில ஆறு, தையில ஆறரை. அதாவது அது கடிகாரம் பாக்கல, பொழுதப் பாக்குது. பொழுது உதிக்கறதுக்கும் விழுகறதுக்கும் ஒட்டி ஊதுது. எங்கய்யனும் அதே பொழுதப் பாத்துத்தான் மடை கட்டுனாரு, அதனாலதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு.

இது நம்ம ஊருக் குருவி இல்ல. இமயமலை அடிவாரத்துக் காட்டுலயும் நடு இந்தியக் காட்டுலயும் மழைக்காலத்துல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குது. புல்லு, வேரு, சருகு எல்லாம் வெச்சு உருண்டையா ஒரு கூடு, தரையிலயோ தாழ்வான கெளையிலயோ. நாலஞ்சு முட்டை. அங்க மழை முடிஞ்சதும் தெக்க கெளம்பிருது. தமிழ்நாடு, கேரளா, இலங்கை வரைக்கும் வரும். ராத்திரியிலதான் பறக்கும். அம்பது, அறுபது கிராம் எடை. நாலு தக்காளி எடை கூட இல்ல. அது ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் ராத்திரி ராத்திரியாப் பறந்து வந்து, என்ற எல்இடி லைட்டப் பாத்து ஏமாந்து தகரத்துல முட்டியிருக்குது. அடுத்த வருஷத்துல இருந்து புரட்டாசி, ஐப்பசி ரெண்டு மாசமும் ராத்திரி அந்த லைட்ட நிறுத்திட்டேன். பால் கறக்கறப்ப போட்டுக்கறது.

இது வரைக்கும் சந்தோசமான கதைங்க. இனி அப்பிடி இல்ல.

போன மாசியில தம்பி கட்டுத்தரையில கெடந்த கெடாரிக் கன்னுக்குட்டி செத்துப் போச்சு. கண்ணாடி விரியன். காலு வீங்கி, மூக்குல ரத்தம் வந்து, டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுச்சு. இன்னும் எட்டு மாசத்துல சினைக்கு வரும்னு அவன் கணக்குப் போட்டு வெச்சிருந்த கன்னு. பாம்பு இட்டேரியில இருந்துதான் வந்துச்சுன்னான். வேற எங்க இருந்து வரும்? நானும் இல்லைங்கல.

ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தான். திண்ணையில உக்காந்து மொகத்தப் பாக்காமப் பேசுனான். "அண்ணா, இட்டேரிய ஜேசிபி விட்டு வழிச்சரலாமுங்க. பாம்பு ஒரு பக்கம். மயிலு அங்கதான் அடை வெக்குது, போன வருஷம் என்ற சோளத்துல பாதிய அதுதான் தின்னுச்சு. எடம் எத்தனைன்னு பாத்தீங்களா? இருவத்திரண்டு சென்ட். ஆளுக்குப் பதினொண்ணு. தென்னை வெச்சாலும் வருமானம்."

நான் என்ன சொல்லறது? அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. மயிலு என்ற கடலையையும் தின்னுச்சு. எனக்கு அவன் கன்னுக்குட்டியோட தாய் கத்துனது இன்னும் காதுல இருக்குது. அவங்கிட்டப் போயி, "ஒரு குருவி இருக்குதுப்பா, அய்யன் அதக் கேட்டுத்தான் மடை கட்டுவாரு"ன்னு சொல்ல வாய் வரலீங்க. "ரெண்டு நாள் யோசிக்கிறேன்"னேன்.

ரெண்டு நாள் ரெண்டு மாசம் ஆச்சு. பேச்சு வார்த்தை கொறைஞ்சு போச்சு. பால் வாங்க பையன் வர்றது நின்னுச்சு. டவுன்ல இருந்து படிக்கற நீங்க, இட்டேரிய வெட்டறவன் கெட்டவன், காப்பாத்தறவன் நல்லவன்னு சுலபமா நெனச்சுக்கலாம். நெலத்துல நின்னு பாத்தா அப்பிடி இல்லீங்க. வேலிக்குள்ள குருவியும் இருக்குது, விரியனும் இருக்குது. ஒண்ண மட்டும் வெச்சுக்கறேன்னு சொல்ல முடியாது. நட்டப்படறது ஒருத்தன், சந்தோசப்படறது இன்னொருத்தன்னா அது நாயமும் இல்ல.

சித்திரையில நானே அவன் சாளைக்குப் போனேன். "ரோட்டுல இருந்து கெணறு வரைக்கும் முன்னூறு அடி, உன்ற கட்டுத்தரைய ஒட்டி இருக்கறது, அத வழிச்சுரு. கெணத்துல இருந்து வாய்க்கால் வரைக்கும் இருக்கற முன்னூறு அடி அப்பிடியே இருக்கட்டும். அது பதினொரு சென்ட் வருது. உன்ற பங்கு அஞ்சரை. அதுக்குப் பதிலா வடக்கு வரப்போரமா என்ற நெலத்துல அஞ்சரை சென்ட் எடுத்துக்க"ன்னேன்.

அவன் என்னையே பாத்தான். "அந்தக் குருவிக்கா?"ன்னான். பையன் சொல்லியிருக்கறான்.

"ஆமாப்பா"ன்னேன். "அய்யன் ஆறு மணிக்காரன்னு சொல்லுவாரில்ல. அது அதுதான்."

அவன் ஒண்ணும் பேசல. அவன் சம்சாரம் மோர் கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சுட்டு வந்துட்டேன். அடுத்த நாள், "செரிங்கண்ணா"ன்னு மட்டும் போன்ல சொன்னான்.

வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க. "குருவிக்கு அஞ்சரை சென்ட் எழுதி வெச்ச மகராசன்"னு ஒரு மாசம் பட்டம் வாங்குனேன். அவ சொல்லறதும் செரிதான். வடக்கு வரப்போரம் நல்ல மண்ணு, தண்ணி பாயற எடம். புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகல. வீம்புக்குக் குடுத்துட்டேனான்னு ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வந்துச்சு.

வைகாசியில ஜேசிபி வந்துச்சு. அந்த நேரத்துல குருவி இங்க இல்ல, சித்திரையிலயே வடக்க போயிருச்சு. அதுவரைக்கும் நல்லது. அரை நாளுல முன்னூறு அடி மொட்டை ஆயிருச்சு. மூணு தலைமுறையா நின்ன கிளுவை, மொறமொறன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டு விரியன் வெளிய வந்துச்சு, அடிச்சுட்டாங்க. ஒரு உடும்பு ஓடுச்சு. கௌதாரி முட்டை ஒரு குழியில எட்டு இருந்துச்சு, தாய் திரும்பி வரல. நான் வெளிய எங்கயும் போகாம அங்கயே நின்னு பாத்தேன். பாதியக் குடுத்தவன் நான்தான, பாக்காம இருந்தா செரி இல்ல.

மிச்சம் இருக்கற முன்னூறு அடியில நானும் ஒரு வேலை செஞ்சேன். என்ற பக்கத்துல வேலியில இருந்து நாலு அடி வரைக்கும் புல்லுச் செதுக்கிச் சுத்தமா வெச்சிருக்கறேன். பாம்பு கடந்தா கண்ணுக்குத் தெரியோணும். தம்பி கட்டுத்தரைக்குச் சுத்தியும் சின்னக் கண்ணு வலை அடிச்சுக் குடுத்தேன், அடியில மண்ணுக்குள்ள அரை அடி பொதைச்சு.

அப்புறம் காத்திருந்தேன். மொத வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி குருவி கட்டுத்தரையில விழுந்துச்சு. ரெண்டாவது வருஷம் 8-ஆம் தேதியே விசில் கேட்டுச்சு. இந்த வருஷம் 8 போச்சு, 11 போச்சு. ஆயுத பூசை போச்சு. தெனமும் வெடியாலயும் பொழுதோடயும் வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்தேன். செம்போத்து கத்துது, தவிட்டுக்குருவி சண்டை போடுது. விசில் இல்ல. பாதி வேலி பத்தாது போல, நெழல் கொறைஞ்சு சருகு காஞ்சு போச்சு போல, இல்லாட்டி வழியில எந்த லைட்டுல மோதுச்சோன்னு என்னென்னமோ நெனப்பு. அஞ்சரை சென்ட்டும் போச்சு, குருவியும் போச்சுன்னு வீட்டுல சொல்லறதுக்கு முன்னால நானே சொல்லிக்கிட்டேன்.

19-ஆம் தேதி காங்கேயத்துக்கு உரம் வாங்கப் போயிட்டேன். கடையில நிக்கறேன், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். போன் வருது. தம்பி. மாசியில இருந்து அவனா கூப்பிட்டது அன்னிக்கு ரெண்டாவது தடவை.

"அண்ணா, எங்க இருக்கறீங்க?"

"டவுன்ல. ஏம்பா?"

"கெணத்து மேட்டுல தண்ணி மாத்திட்டு இருந்தேன். வாய்க்கால் பக்கம் விசில் கேக்குதுங்க. உங்க ஆளு வந்துட்டான் போல."

நான் கடைக்குள்ள நின்னுக்கிட்டு, "நல்லாக் கேளு, ரெண்டு சீட்டியா? மொதது ஏறி, ரெண்டாவது எறங்குதா?"ன்னு கேக்கறேன். உரக்கடைக்காரர் என்னைப் பாக்கறாரு. தம்பி போனை அந்தப் பக்கம் நீட்டுனான் போல. காத்துச் சத்தம், மோட்டார்ச் சத்தம், நடுவுல ரொம்பச் சன்னமா, வ்வீட்... ட்யூ. அப்புறம் அவன் கொரல்: "கேட்டுச்சுங்களா? நான் மடையக் கட்டிட்டேன்."

அதே குருவியா, வேறயான்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுதான் இருக்குது, வாய்க்கால் பக்கம் பதில் ஊதற ரெண்டாவது இந்த வருஷம் இன்னும் வரல. வழிச்ச பக்கம் எதுவும் இல்ல, அங்க வராதுன்னும் தெரியும். போனது போனதுதான்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. இது காட்டுக்குள்ள மட்டும் வர்ற குருவி இல்லீங்க. புரட்டாசி, ஐப்பசியில சென்னை மாதிரி பெரிய ஊருல கூட மாடியில, பால்கனியில, கண்ணாடிக் கதவுக்குக் கீழ இப்பிடி மயங்கி விழும். பாத்தா பதறாதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, சோறு ஊட்டாதீங்க, செல்ஃபி எடுத்து கைக்குக் கை மாத்தாதீங்க. பூனை, காக்கா அண்டாம ஒரு அட்டைப் பெட்டியில ஓட்டை போட்டு, இருட்டா, அமைதியா வெச்சிருங்க. தெளிஞ்சதும் பக்கத்துல மரம், பொதர் இருக்கற எடத்துல விட்டுருங்க. ரெக்கை ஒடிஞ்சிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. அழகா இருக்குதேன்னு கூண்டுல வெச்சுக்காதீங்க, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது குத்தம். சருகைப் பெரட்டித் திங்கற குருவி கூண்டுல எத்தனை நாள் இருக்கும்? அந்த ரெண்டு மாசம் மாடியில தேவையில்லாத லைட்ட நிறுத்துனா அதுவே பெரிய புண்ணியம்.

மழை விட்டிருச்சு. மணி அஞ்சே முக்கால். ஆத்தாவ நாற்காலியில உக்கார வெச்சு இட்டேரி முக்கு வரைக்கும் கொண்டு போகோணும். அங்க இருந்தாலும் அதுக்குக் கேக்காது. ஆனா நான் கையத் தூக்குனா, "ஊதிட்டானா?"ன்னு கேக்கும். ஆமான்னு தலையாட்டோணும். அதுக்காகவாவது போகோணும்.

அடுத்த பதிவுல கடலை விலைய எழுதறேன். அழுகை வராம எழுத முடிஞ்சா.